உண்மைச் சம்பவம் என்று சொல்லும் ஹாலிவுட் படங்கள்: எதை நம்பிப் பார்க்கலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்?

வரலாற்றுப் படம் என்றதும் பலரும் கேட்பது, 'இதில் எத்தனை சதவீதம் உண்மை?' என்றுதான். இந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. சீருடையின் பொத்தான் முதல் விமானத்தின் நிறம் வரை எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டு, நடந்ததைத் தலைகீழாகச் சொல்லிவிட முடியும். தேதியை மாற்றி, மூன்று பேரை ஒரே பாத்திரமாக்கி, யாரும் பேசாத வசனத்தைப் பேசவைத்தும்கூட நடந்ததை நேர்மையாகச் சொல்லிவிட முடியும்.

கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இதைச் செய்தது யார்? இது ஏன் அப்படி நடந்தது? இந்த இரண்டிலும் கைவைக்காத படத்தை நம்பிப் பார்க்கலாம். ஒருவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதிய படத்தையும், காரணத்தையே மாற்றிய படத்தையும் கதையாக ரசிக்கலாம். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தரவோ, நாமே தெரிந்துகொள்ளவோ அவை உதவாது. கீழே வரும் படங்களை இந்த அளவுகோலால்தான் பார்க்கிறோம். எந்த நிகழ்வுக்கு எந்தப் படம் என்று முடிவெடுக்க அது போதும்.

பேர்ல் ஹார்பருக்கு இரண்டு படங்கள்

1941 டிசம்பர் 7 காலை, ஜப்பானின் ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து 350-க்கும் மேற்பட்ட விமானங்கள் இரண்டு அலைகளாகப் புறப்பட்டு ஹவாயின் ஓவாஹு தீவையும் அங்கிருந்த பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தையும் தாக்கின. 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அவர்களில் 1,177 பேர் 'அரிசோனா' என்ற ஒரே போர்க்கப்பலில் இருந்தவர்கள். இந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி 1970-இல் வந்த 'டோரா! டோரா! டோரா!', 2001-இல் வந்த 'பேர்ல் ஹார்பர்' என்று இரண்டு பெரிய படங்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

தாக்குதல் ஏன் வெற்றி பெற்றது என்று அறிய வேண்டுமானால் 1970 படம்தான். வேறு பேச்சே இல்லை. அமெரிக்கத் தரப்பை ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கினார். ஜப்பானியத் தரப்பைத் தோஷியோ மசுதாவும் கின்ஜி ஃபுகாசாகுவும் இயக்கினார்கள். ஜப்பானியர்கள் ஜப்பானிய மொழியிலேயே பேசுகிறார்கள், அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் செய்கிறார்கள், தயங்குகிறார்கள். எதிரியை முகமில்லாத கூட்டமாகக் காட்டாத போர்ப்படம் அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அரிது.

இதன் பெரிய பலம், தோல்வியைச் சிறுசிறு தவறுகளின் தொகுப்பாகக் காட்டுவது. துறைமுக வாயிலில் 'வார்ட்' என்ற அமெரிக்கக் கப்பல் காலை 6:45 மணி வாக்கிலேயே ஒரு குட்டி நீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்தது. அந்தத் தகவல் மேலதிகாரிகளைச் சென்றடைந்தும் யாரும் அவசரப்படவில்லை. 7:02-க்கு ஓபனா மலைமுனை ரேடாரில் பெரிய விமானக் கூட்டம் தெரிந்தது. அன்று காலை கலிஃபோர்னியாவிலிருந்து பி-17 குண்டுவீச்சு விமானங்கள் வரவேண்டியிருந்ததால், பணியில் இருந்த அதிகாரி கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளூர் நாசவேலைக்குப் பயந்து விமானங்களைக் காவல் காக்க வசதியாக நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். குண்டு வீச வந்தவர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது. வாஷிங்டனிலிருந்து தளபதி மார்ஷல் அனுப்பிய எச்சரிக்கை, ராணுவ வானொலித் தொடர்பு கிடைக்காததால் சாதாரணத் தந்தி நிறுவனம் வழியாகப் போய், தாக்குதலுக்குப் பிறகு கிடைத்தது. ஜப்பானியத் தூதரகம் பிற்பகல் 1 மணிக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பைத் தட்டச்சு செய்து முடிக்கத் தாமதித்து, குண்டுகள் விழுந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆன பிறகு கொடுத்தது. இவை எல்லாமே நடந்தவை. படத்திலும் வருகின்றன.

குறைகளும் உண்டு. அட்மிரல் யமமோட்டோ, 'உறங்கிய பூதத்தை எழுப்பிவிட்டோம்' என்ற பொருளில் பேசும் கடைசி வசனம் உலகப் புகழ்பெற்றது. அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ சான்று இல்லை. இன்னொன்று, 144 நிமிடம் ஓடும் இந்தப் படத்தில் அதிகாரிகள் பெயர் அடுக்கடுக்காக வரும். முதல் அரைமணி நேரத்தில் பலரும் விலகிவிடுவது இதனால்தான். ஐந்து பெயரை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும்: ஹவாயில் கடற்படைக்குக் கிம்மல், தரைப்படைக்கு ஷார்ட், ஜப்பானியத் தரப்பில் திட்டத்தின் தலைவர் யமமோட்டோ, விமானத் தாக்குதலை முன்னின்று நடத்திய ஃபுச்சிடா, வாஷிங்டனில் தூதர் நோமுரா.

2001 படம் 183 நிமிடம். அதில் முக்கோணக் காதல் போக மிஞ்சிய இடத்தில்தான் வரலாறு. தாக்குதல் காட்சிகளின் பிரம்மாண்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்கப் படையில் பணியில் இருக்கும் நாயகன் பிரிட்டனுக்குப் போய் ஈகிள் படைப்பிரிவில் சேர்ந்து ஜெர்மானியரோடு சண்டையிடுகிறார். அந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள் படைப் பணியில் இல்லாத தன்னார்வலர்கள். சக்கர நாற்காலியிலிருந்த அதிபர் ரூஸ்வெல்ட் அமைச்சரவைக்கு முன் தன் காலால் எழுந்து நிற்பதும் நடக்கவில்லை. அன்று காலை உண்மையில் பி-40 விமானங்களில் ஏறிப் போரிட்ட ஜார்ஜ் வெல்ச், கென்னத் டெய்லர் என்ற இருவரை நினைவூட்டும் இரு நாயகர்களும், 1942 ஏப்ரல் 18 அன்று டோக்கியோமீது பறந்த டூலிட்டில் தாக்குதலிலும் இருக்கிறார்கள். போர் விமானம் ஓட்டியவர்களைக் குண்டுவீச்சு விமானத்தில் ஏற்றியது கதையின் வசதிக்காக மட்டுமே. வெல்ச்சும் டெய்லரும் அந்தத் தாக்குதலில் இல்லை.

இந்தப் படத்தில் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. 'வெஸ்ட் வர்ஜீனியா' கப்பலின் உணவகப் பணியாளர் டோரிஸ் மில்லர், பயிற்சியே தரப்படாத இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். கடற்படைச் சிலுவை விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். மூன்று மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். தனிப் படத்துக்குரிய வாழ்க்கை அது.

எனிக்மா: பெருமை யாருக்குப் போனது?

ஜெர்மானியக் கடற்படை எனிக்மா என்ற இயந்திரத்தால் எழுதிய சங்கேதத்தை உடைத்த கதையை இரண்டு படங்கள் இரண்டு பக்கமிருந்து சொல்கின்றன. 'யு-571' (2000) கடலில் நடக்கிறது. 'தி இமிட்டேஷன் கேம்' (2014) பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பூங்காவின் கொட்டகைகளில் நடக்கிறது. உண்மையில் இரண்டும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்ட வேலைகள். கப்பலிலிருந்து கைப்பற்றிய குறியீட்டுப் புத்தகங்கள் இல்லாமல் கடற்படை எனிக்மாவை இயந்திரத்தால் மட்டும் உடைப்பது மிகக் கடினம்.

'யு-571' முதல் கேள்வியிலேயே தோற்கிறது. அதில் 1942-இல் அமெரிக்க மாலுமிகள் நீர்மூழ்கிக்குள் புகுந்து எனிக்மாவைக் கைப்பற்றுகிறார்கள். நடந்தது வேறு. 1941 மே 9 அன்று யு-110 நீர்மூழ்கியில் ஏறியது பிரிட்டனின் 'புல்டாக்' கப்பலைச் சேர்ந்தவர்கள். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பால்ம் என்ற இளம் அதிகாரி. அப்போது அமெரிக்கா போரிலேயே இல்லை. அமெரிக்கக் கடற்படை யு-505-ஐப் பிடித்தது 1944 ஜூன் 4-இல்தான். உண்மையான யு-571 யார் கையிலும் சிக்கவே இல்லை. 1944 ஜனவரியில் அயர்லாந்துக்கு மேற்கே விமானத் தாக்குதலில் தன் மாலுமிகள் அத்தனை பேரோடும் மூழ்கிவிட்டது.

இதைவிட வலிக்கும் இழப்பு 1942 அக்டோபர் 30-இல் நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜெர்மானிய நீர்மூழ்கிகள் நான்கு சுழல் சக்கரம் கொண்ட எனிக்மாவுக்கு மாறியிருந்தன. பிளெட்ச்லி பத்து மாதம் ஏறக்குறையக் குருடாகவே இருந்தது. எகிப்துக் கரைக்கு அப்பால் மூழ்கிக்கொண்டிருந்த யு-559-க்குள் 'பெட்டார்ட்' கப்பலின் ஆண்டனி ஃபாசன், காலின் கிரேசியர் இருவரும் இறங்கிப் புத்தகங்களை மேலே கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கப்பல் அவர்களோடு மூழ்கிவிட்டது. உதவிக்கு நின்ற 16 வயது உணவகச் சிறுவன் டாமி பிரவுன் உயிர் தப்பினான். அந்தப் புத்தகங்களால்தான் டிசம்பரில் நான்கு சக்கரச் சங்கேதம் மீண்டும் உடைந்தது. இந்த மூவரின் இடத்தில்தான் படம் வேறு நாட்டு மாலுமிகளை நிறுத்தியது. அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் நாடாளுமன்றத்திலேயே இதைக் கண்டித்தார். படத்தின் முடிவில் பிரிட்டிஷ் கப்பல்களின் பெயர் எழுத்தில் வருவது உண்மைதான். இரண்டு மணி நேரம் கண்ணால் பார்த்ததை நான்கு வரி எழுத்து அழித்துவிடாது.

'தி இமிட்டேஷன் கேம்' பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங்குக்கு நியாயம் செய்ய விரும்பிய படம். பெனடிக்ட் கம்பர்பேட்ச்சின் நடிப்பும், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டம் அவரை 1952-இல் எப்படி நசுக்கியது என்ற பகுதியும் நெஞ்சைத் தொடுபவை. அந்த அளவில் பார்க்க வேண்டிய படம். சங்கேதம் எப்படி உடைந்தது என்பதற்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். இதில் தவறுகள் ஆழமானவை.

முதல் தவறு, டூரிங் தனியாளாக இயந்திரத்தைக் கட்டியதாகக் காட்டுவது. எனிக்மாவை முதலில் 1932 டிசம்பரில் உடைத்தவர் போலந்து நாட்டின் மரியன் ரெஜெவ்ஸ்கி. அவரும் ருஜிட்ஸ்கி, ஸிகால்ஸ்கி என்ற சகாக்களும் வளர்த்த முறையை, 1939 ஜூலையில் வார்சா அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். படத்தில் போலந்துக்காரர்கள் ஒரு வாயசைப்பில் கடந்துபோகிறார்கள். டூரிங் வடிவமைத்த 'பாம்ப்' இயந்திரத்தை உற்பத்தி செய்தது லெட்ச்வொர்த்தில் இருந்த நிறுவனம். ஹெரால்ட் கீன் அதன் பொறியாளர். கார்டன் வெல்ச்மன் சேர்த்த குறுக்குப்பலகைதான் அதைப் பலமடங்கு வேகமாக்கியது. வெல்ச்மன் படத்தில் இல்லவே இல்லை. இயந்திரத்துக்குக் கிறிஸ்டஃபர் என்ற பெயரும் கிடையாது. 1940 மார்ச்சில் வந்த முதல் இயந்திரத்தின் பெயர் 'விக்டரி'.

இரண்டாவது தவறு காரணத்தையே மாற்றுகிறது. படத்தில் இயந்திரம் மாதக்கணக்கில் சுற்றியும் பயனில்லை. ஒருநாள் மதுக்கடைப் பேச்சில், செய்திகளில் வானிலை போன்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும் என்று டூரிங்குக்குப் பொறிதட்டுகிறது. உண்மையில் செய்தியில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை ஊகிப்பதுதான் அந்த இயந்திரத்தின் அடிப்படையே. எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது. 'அ' என்று தட்டினால் 'அ' வெளியே வரவே முடியாது. ஊகித்த சொல்லைச் சங்கேத வரிக்குக் கீழே வைத்து நகர்த்திப் பார்த்து, எங்காவது ஒரே எழுத்து மேலும் கீழும் ஒன்றாக வந்தால் அந்த இடத்தைத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சிய இடத்தை இயந்திரத்தில் ஏற்றுவார்கள். இது முதல் நாளிலிருந்தே தெரிந்த வழி. இதை எடுத்துவிட்டால் இயந்திரம் கட்டியதற்கே பொருள் இல்லை.

மூன்றாவது தவறை மன்னிக்க முடியவில்லை. சோவியத் உளவாளி ஜான் கெய்ர்ன்கிராஸ் டூரிங்கின் குழுவிலேயே இருந்ததாகவும், தன் ரகசியம் வெளியாகிவிடும் என்ற பயத்தில் டூரிங் வாய்மூடி இருந்ததாகவும் படம் காட்டுகிறது. கெய்ர்ன்கிராஸ் வேறு பிரிவில் இருந்தவர். டூரிங் ஓர் உளவாளியைக் காப்பாற்றினார் என்பது நடக்காத ஒன்று. அவருக்கு மரியாதை செய்ய எடுத்த படத்திலேயே அவர்மீது தேசத் துரோகச் சாயல் விழுகிறது. அதிகாரி டெனிஸ்டனை வில்லனாக்கியதும் இப்படித்தான். சர்ச்சிலுக்கு 1941 அக்டோபரில் போன கடிதத்தில் டூரிங்கோடு வெல்ச்மன், அலெக்ஸாண்டர், மில்னர்-பேரி ஆகியோரும் கையெழுத்திட்டார்கள். படத்தில் அதுவும் தனியாள் வேலை.

இரண்டில் எது என்றால், 'தி இமிட்டேஷன் கேம்'. மேலே சொன்ன மூன்றையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

விண்வெளி: நோக்கத்தைப் பொறுத்துத் தேர்வு

ஒரு பொறியியல் நெருக்கடியை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஹாலிவுட் படம் 'அப்போலோ 13' (1995) போல இன்னொன்று கிடையாது என்பது என் தீர்மானம். 1970 ஏப்ரல் 11 அன்று கிளம்பிய கலத்தில், பூமியிலிருந்து ஏறத்தாழ 3.2 லட்சம் கி.மீ. தொலைவில், ஏப்ரல் 13 இரவு ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. இருவர் இரண்டு நாள் தங்குவதற்கென்று செய்த நிலவு இறங்குகலத்தில் மூவர் ஏறக்குறைய நான்கு நாள் உயிர்தப்ப வேண்டியிருந்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் தாய்க்கலத்தில் சதுரம், இறங்குகலத்தில் வட்டம். பிளாஸ்டிக் பை, விண்வெளி உடையின் குழாய், பயணக் குறிப்பேட்டின் அட்டை, ஒட்டும் நாடா இவற்றைக் கொண்டு இரண்டையும் பொருத்திய காட்சி, கைவேலையின் வரிசை மாறாமல் படத்தில் இருக்கிறது. எடையின்மைக் காட்சிகளை நாசாவின் பயிற்சி விமானத்தில், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஏறக்குறைய 25 வினாடி கிடைக்கும் மிதப்பில் படமாக்கினார்கள்.

மாற்றங்கள்? உண்டு. கலத்தில் இருந்த ஹெய்ஸும் ஸ்விகெர்ட்டும் சண்டை போட்டுக்கொள்வது கற்பனை. தோல்விக்கு இடமே இல்லை என்ற, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையை நடத்திய ஜீன் கிரான்ஸின் வசனம் எழுத்தாளர்கள் போட்டது. அவருக்கே பிடித்துப்போய்ப் பிறகு தன் வாழ்க்கை வரலாற்றுக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டார். பூமியை ஜன்னலில் வைத்துக்கொண்டு பாதையைத் திருத்தும் காட்சியில் எஞ்சின் 39 வினாடி எரிந்து கலம் குலுங்குகிறது. நடந்தது 14 வினாடி, பெரிய குலுங்கல் இல்லை. அம்மை வரலாம் என்று விலக்கப்பட்ட மாட்டிங்லி, மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் வழியைத் தனியே கண்டுபிடிப்பது போல இருக்கிறது. அது ஜான் ஆரன் உள்ளிட்ட பலரின் வேலை. இவை எதுவும் யார், ஏன் என்ற கேள்விகளின் விடையை மாற்றவில்லை. ஹூஸ்டன் ஆட்களும் கலத்தில் இருந்தவர்களும் சேர்ந்துதான் காப்பாற்றினார்கள் என்பதுதான் படத்தில் மிஞ்சுகிறது.

படம் அவசரமாகக் கடந்துபோகும் இடம் வெடிப்பின் காரணம். முடிவில் சேதமடைந்த ஒரு சுருள் என்று மட்டும் சொல்வார்கள். விசாரணைக் குழு கண்டறிந்தது இன்னும் பாடமானது. தொட்டிக்குள் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்சுகள் 28 வோல்ட்டுக்கானவை. ஏவுதளத்தில் கொடுத்ததோ 65 வோல்ட். விவரக்குறிப்பு மாறியும் ஸ்விட்சை மாற்றவில்லை. ஏவுதலுக்கு முந்தைய சோதனையில் தொட்டியைக் காலிசெய்ய ஹீட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டபோது ஸ்விட்சு உருகி ஒட்டிக்கொண்டது. வெப்பம் கட்டுமீறி ஏறி, கம்பியின் டெஃப்லான் உறையைச் சிதைத்தது. தொழிற்கல்வி மாணவர்களுக்குப் படத்தைக் காட்டுவோர் இந்தப் பகுதியைத் தனியே சொல்லித்தரத்தான் வேண்டும்.

'ஹிட்டன் ஃபிகர்ஸ்' (2016) வேறு நோக்கத்துக்கு. கறுப்பினப் பெண் கணிதவியலாளர்கள் கேத்தரின் ஜான்சன், டோரதி வான், மேரி ஜாக்சன் மூவரும் நாசாவில் செய்த வேலை பற்றிய படம். 'யார்' என்ற கேள்விக்கு இது பல்லாண்டு மறைத்த பெயர்களை மீட்டுத் தருகிறது. காலத்தை மட்டும் நெரித்திருக்கிறார்கள். படம் 1961-இல் நடக்கிறது. டோரதி வான் 1949-லேயே மேற்பார்வையாளர். மேரி ஜாக்சன் 1958-இல் பொறியாளர் ஆனவர். கறுப்பினப் பெண்களைத் தனியே வைத்திருந்த மேற்குக் கணிப்பு அலுவலகமும் அதே ஆண்டில் கலைந்தது. கெவின் காஸ்ட்னர் கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறைப் பலகையை உடைக்கும் காட்சி கற்பனை, அந்த மேலதிகாரியும் பலரைச் சேர்த்த கற்பனைப் பாத்திரம். அடையாளம் போடாத கழிப்பறையைக் கேத்தரின் ஜான்சன் தானாகவே பயன்படுத்திவந்தார். அந்தத் துணிவைப் படம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கையிலிருந்த சம்மட்டிக்குக் கொடுத்துவிட்டது. இந்த ஓரிடத்தில் மட்டும் படம் தன் நோக்கத்துக்கே எதிராகப் போகிறது. விண்வெளி வீரர் ஜான் கிளென் தன் 1962 பிப்ரவரிப் பயணத்துக்கு முன் கேத்தரினைக் கொண்டே கணக்கைச் சரிபார்க்கச் சொன்னது உண்மை. ஆனால் ஏவுதளத்தில் கடைசி நிமிடத்தில் அல்ல. சரிபார்ப்புக்கே ஒரு நாளுக்கு மேல் ஆனது.

டெஹ்ரான், கியூபா, லாஸ் அலமோஸ்

'ஆர்கோ' (2012) சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. 1979 நவம்பரில் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பிய ஆறு பேரைத் திரைப்படக் குழு என்று சொல்லி வெளியே கொண்டுவந்த கதை. போலித் திரைப்பட அலுவலகமும், ஒப்பனைக் கலைஞர் ஜான் சேம்பர்ஸும் உண்மை. ஆனால் இரண்டு மாதத்துக்கும் மேல் அவர்களை மறைத்து வைத்து உணவிட்டவர்கள் கனடாவின் தூதர் கென் டெய்லரும், ஜான் ஷியர்டவுனும், அவர்களின் குடும்பங்களும். விமானச் சீட்டுகளை வாங்கிவைத்ததும் கனடாக்காரர்கள். சி.ஐ.ஏ.-வின் டோனி மெண்டெஸ் டெஹ்ரானில் இருந்தது சில நாள் மட்டுமே. திட்டத்திலும் உழைப்பிலும் 90 சதவீதம் கனடாவுடையது என்று அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டரே பின்னாளில் சொன்னார். பிரிட்டனும் நியூசிலாந்தும் அவர்களைத் திருப்பியனுப்பியதாகப் படம் சொல்வது பொய். இரு நாட்டவரும் உதவினார்கள். ஓடுபாதையில் ஜீப்புகள் விமானத்தைத் துரத்துவதும் நடக்கவில்லை. இயந்திரக் கோளாறால் விமானம் சிறிது தாமதமானது, அவ்வளவுதான். விறுவிறுப்புக்குப் பாருங்கள், வரலாற்றுக்கு வேண்டாம்.

1962-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுப்போரின் விளிம்புக்கு வந்த கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு 'தேர்ட்டீன் டேஸ்' (2000) நல்ல தேர்வு. கென்னடி ரகசியமாகப் பதிவு செய்த கூட்ட ஒலிநாடாக்கள் இருப்பதால் வாதங்களின் சாரம் பெரும்பாலும் அப்படியே வந்திருக்கிறது. துருக்கியில் இருந்த அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளைப் பற்றிய ரகசிய உடன்பாட்டையும் மறைக்கவில்லை. கெவின் காஸ்ட்னர் நடித்த, கென்னடியின் உதவியாளர் கென்னத் ஓ'டோனலை மட்டும் மனதால் கழித்துவிடுங்கள். அவருக்கு அவ்வளவு பங்கு இல்லை. மாஸ்கோ பக்கம் கண்ணில் படவே படாது என்பதும் நினைவிருக்கட்டும்.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அணுகுண்டு செய்த குழுவின் தலைவரைப் பற்றிய 'ஓப்பன்ஹைமர்' (2023), அவர்மீது நடந்த விசாரணைப் பகுதியில் ஆவணத்தை ஒட்டியே நடக்கிறது. அவருக்கு எதிராக நின்ற ஸ்ட்ராஸின் அமைச்சர் பதவி நியமனத்தை 1959-இல் செனட் 49-க்கு 46 என்று நிராகரித்ததும் அப்படியே. ஐன்ஸ்டைனோடு வரும் உரையாடல்கள் கற்பனை. வளிமண்டலம் தீப்பற்றுமா என்ற கணக்கோடு ஓப்பன்ஹைமர் போனது இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டனிடம்.

க்வாய் பாலம்: நம் ஆட்கள் விடுபட்ட படம்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். தமிழ் வாசகர்களுக்கு இதில் இரண்டு தொடர்புகள். படம் தாய்லாந்தில் எடுக்கப்படவில்லை. இலங்கையில் கித்துல்கலை அருகே களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி, உண்மையான ரயிலோடு அதைத் தகர்த்தார்கள். இரண்டாவது தொடர்பு கனமானது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட, சயாம் மரண ரயில்பாதை என்று மலாயாத் தமிழர் சொல்லும் அந்த 415 கி.மீ. பாதையில் ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள்: மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாவினர். அவர்களில் இறந்தோர் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. கைதிகளுக்குப் படை ஒழுங்கும் தங்கள் ராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லாததால் 1943-இன் காலரா முகாம் முகாமாக அவர்களைக் கொண்டுபோனது. தாய்லாந்தின் கஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. படத்திலும் இடம் இல்லை.

போர்க்கைதிகளின் கதையிலும் படம் காரணத்தைத் திருப்பிவிட்டது. அலெக் கின்னஸின் கர்னல் நிக்கல்சன் எதிரிக்கு நல்ல பாலம் கட்டித்தருவதைப் பெருமையாக எண்ணுகிறார். தமர்கன் முகாமில் உண்மையில் மூத்த அதிகாரியாக இருந்தவர் பிலிப் டூஸி. தன் ஆட்கள் உயிரோடு மீள வேண்டும் என்பதற்காக வேலையை ஒழுங்குபடுத்தினார். அதே சமயம் கான்கிரீட்டைக் கெடுக்கவும், மரத்தில் கரையான் விடவும் கண்டும் காணாமல் இருந்தார். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது என்பதும் தவறு. மரப்பாலம் ஒன்று, இரும்புப்பாலம் ஒன்று என இரண்டு இருந்தன. இரண்டையும் உடைத்தது 1945-இல் வந்த நேசநாட்டு விமானங்கள், கமாண்டோக்கள் அல்ல. டூஸியின் கீழ் இருந்தவர்கள் இந்தப் படத்தால் மனம் நொந்ததில் வியப்பில்லை. பெருமிதம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோகும் என்ற நாடகமாகப் பார்த்தால் இது மகத்தான படம். மரண ரயில்பாதையின் வரலாறு வேண்டுமென்றால், மலாயாவில் உயிர் தப்பித் திரும்பியவர்கள் தமிழிலேயே சொல்லிவைத்த நினைவுகளிலிருந்து தொடங்குங்கள்.

இங்கே இல்லாத படத்தை எப்படிச் சோதிப்பது?

அரைமணி நேரம் போதும். முதலில் படம் எந்த நூலை அடிப்படையாகக் கொண்டது என்று பாருங்கள். பங்கேற்றவர் எழுதிய நூல் என்றால் அவர் பங்கு பெரிதாகத் தெரியும். நாவல் என்றால் ('க்வாய்' பியர் பூல் எழுதிய நாவலிலிருந்து வந்தது) எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்ற வரிக்கு அளவுகோல் எதுவும் இல்லை, அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து நடிகர் பட்டியலில் முக்கியப் பாத்திரங்களின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நிஜத்தில் இல்லாத பெயர் ஒன்று நடுநாயகமாக நின்றால், அவர் செய்வதாகக் காட்டும் வேலையை யார் செய்தார் என்று தேடுங்கள். அங்கேதான் பெருமை கைமாறியிருக்கும். முட்டாளாகவும் கொடூரமாகவும் வரும் மேலதிகாரி உண்மைப் பெயரோடு வந்தால் அவர் குடும்பத்தார் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். கடைசி இருபது நிமிடத்தில் வரும் துரத்தலையும் வினாடிக் கணக்கையும் முதலில் சந்தேகப்படுங்கள். வெற்றிகரமான ரகசியத் திட்டம் என்றால் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் முடிந்திருக்கும், அதைத் திரையில் காட்ட முடியாமல்தான் ஜீப்பைக் கொண்டுவருகிறார்கள். கதையில் இன்னொரு நாடு வந்தால் அந்த நாட்டுப் பத்திரிகைகள் எழுதியதைப் படியுங்கள். 'ஆர்கோ'வின் தவறுகளைக் கனடாவும், 'யு-571'-இன் தவறுகளைப் பிரிட்டனும்தான் முதலில் உரக்கச் சொன்னார்கள்.

வகுப்பில் ஒரு பாடவேளை மட்டுமே கிடைக்கும் என்றால் முழுப் படத்தைத் துண்டுதுண்டாக ஓட்டாதீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் 'அப்போலோ 13'-இல் வெடிப்பிலிருந்து வடிகட்டிப் பெட்டி பொருந்தும் வரை காட்டி, 28 வோல்ட் ஸ்விட்சின் கதையைப் பலகையில் எழுதுங்கள். மேல்நிலை வரலாற்று வகுப்புக்கு 'டோரா! டோரா! டோரா!'வில் அந்த ஞாயிறு விடியலிலிருந்து முதல் குண்டு வரை போதும். ஒவ்வொரு எச்சரிக்கையும் யார் மேசையில் நின்றது என்று மாணவர்களையே பட்டியல் போடச் சொல்லுங்கள். 'ஆர்கோ'வும் 'ஓப்பன்ஹைமர்'வும் அமெரிக்கத் தணிக்கையில் பெரியவர் துணை கேட்கும் தரத்தில் உள்ளவை, பள்ளிக்கு வேண்டாம்.